கைக்கு அடியில் ஓடிய இன்ஜின்

அப்பாவின் ரேடியோ ரிப்பேர் கடை அல்சூர் பஜார் தெருவில் இருந்தது. ஏழடி அகலம். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசற்படியோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். 1989 கோடை விடுமுறையின் முதல் வாரம், இந்திராநகரிலிருந்து ஒருவர் துணிப்பையில் எதையோ சுற்றிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "பையன் காபியைக் கொட்டிவிட்டான், பார்க்க முடியுமா?" என்று கன்னடத்தில் கேட்டார். பைக்குள் கறுப்பாக ஒரு விசைப்பலகை இருந்தது. அது விசைப்பலகை மட்டுமல்ல, முழுக் கம்ப்யூட்டரே அதுதான் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அப்பா அதுவரை கம்ப்யூட்டர் எதையும் திறந்ததில்லை. முடியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. "வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். அந்தக் குடும்பம் மறுநாளே குடகுக்குக் கிளம்புகிறது, திரும்ப மூன்று வாரம் ஆகும் என்றார் வந்தவர். என் வாழ்க்கையில் வேறெந்த மூன்று வாரமும் அவ்வளவு துல்லியமாக நினைவில் இல்லை.

அது சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தின் இந்தியப் பதிப்பு. 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த கருவியின் 'பிளஸ்' வடிவத்தை, உரிமம் பெற்று, 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' என்ற பெயரில் புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் நிறுவனம் விற்றது. பெயரைப் பார்த்ததும் அப்பாவுக்கு மகிழ்ச்சி. "டெசிபெல் என்று பெயர் வைத்திருக்கிறான் பார், ஒலி தெரிந்தவன்." உள்ளே திறந்து ஸ்பீக்கரைப் பார்த்ததும் மகிழ்ச்சி பாதியாகிவிட்டது. குழந்தைகளின் பொம்மைக்குள் இருப்பதுபோல் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான்.

திருகாணிகளைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தார். விசைகளுக்கு அடியில் எக்ஸ்ரே பிலிம் மாதிரி மெல்லிய தகடு இருந்தது. சர்க்கரைப் பாகு அதில் ஒட்டிக் காய்ந்து, பல விசைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியிருந்தன. அதன் வால்போன்ற பட்டைகளை மெல்ல உருவி, ஈரப் பஞ்சால் துடைத்து, அம்மாவின் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். மாலைக்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் முடிந்ததா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அந்தச் சோதனைதான் மூன்று வாரம் நடந்தது.

பைக்குள் இரண்டு கேசட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று 'செக்கர்ட் ஃபிளாக்', சையான் என்ற லண்டன் நிறுவனம் 1983-இல் செய்த கார்ப் பந்தய விளையாட்டு. கேசட்டிலிருந்து விளையாட்டா என்று அம்மா சிரித்தாள். கடையின் டேப் ரெக்கார்டரை வயரால் இணைத்து, ரிப்பேருக்கு வந்த ஒரு கறுப்பு வெள்ளை டிவியின் ட்யூனரைத் தடவித் தடவிப் படம் பிடித்தார் அப்பா. பிறகு கேசட்டை ஓடவிட்டார்.

அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கேட்காதவர்களுக்கு: முதலில் ஒரே சுருதியில் நீண்ட ஊளை, வினாடிக்கு ஏறக்குறைய எண்ணூறு அதிர்வு. அது 'தயாராக இரு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. அடுத்து, எண்ணெய்ச் சட்டியில் ஈர அப்பளம் விழுந்ததுபோல் ஒரு பொரியல். அதுதான் சரக்கு. ஊளையின்போது திரையின் ஓரத்தில் அகலமான பட்டைகள் நகரும், பொரியலின்போது மெல்லிய பட்டைகள் துடிக்கும். நான் பார்த்தவை எல்லாம் சாம்பல் நிறப் பட்டைகள். ஊளைக்குச் சிவப்பும் வெளிர்நீலமும், பொரியலுக்கு நீலமும் மஞ்சளும் என்று நிறம் இருந்த செய்தி எனக்கு எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நான்கு முறை ஓட்டினோம். நான்கு முறையும் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று திரையின் அடியில் ஒரு வரி வந்து நின்றது. ஐந்து நிமிடம் காத்திருந்து அந்த வரியைப் பார்ப்பது என்பது பரீட்சை முடிவுப் பலகையில் நம் எண் மட்டும் இல்லாதது மாதிரி. ஐந்தாம் முறை அப்பா வயரைப் பிடுங்கிவிட்டு ஒலியை நேராக ஸ்பீக்கரில் விட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். "ஹெட் சாய்ந்திருக்கிறது" என்றார்.

டேப் ரெக்கார்டரின் மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அதன் வழியே மெல்லிய திருப்புளியை விட்டால் ஹெட்டின் பக்கவாட்டுத் திருகாணி கிடைக்கும். நாடாவைப் பதிவு செய்த கருவியின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ, படிக்கும் ஹெட்டும் அதே கோணத்தில் இருக்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் உச்ச ஒலிகள் மழுங்கிவிடும். பாட்டு கேட்பவருக்கு அது கொஞ்சம் மந்தமாகத் தோன்றும். கம்ப்யூட்டருக்கு எழுத்தே அழிந்துவிடும். அப்பா கால் சுற்று திருப்பினார். பொரியல் கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்ததுபோல் கூர்மையானது. வயரைத் திரும்பச் செருகினார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நான் ஒரு பந்தயக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று கார்கள். ஃபெரெட்டி டர்போ, மெக்ஃபாஸ்டர் ஸ்பெஷல், சையான் பிகாசஸ். பெயர்களில் இருந்த குறும்பு அப்போது புரியவில்லை. பிகாசஸுக்குத் தானியங்கி கியர், அதனால் அது சோம்பேறிகளுக்கானது என்று முடிவு செய்தேன். சில்வர்ஸ்டோன், மோன்சா, மொனாக்கோ என்று தடங்கள். பாதையில் எண்ணெய், தண்ணீர், கண்ணாடித் துண்டு. இவற்றையெல்லாம்விட வியப்பானது ஒன்று உண்டு: அந்தப் பந்தயத்தில் வேறு கார்களே கிடையாது. கடைசிவரை நீங்கள் தனியாகத்தான் ஓட்டுவீர்கள். எதிரி கடிகாரம் மட்டும்.

பிறகு அந்த ஒலி. அது டிவியிலிருந்து வரவில்லை. விசைகளுக்கு அடியில், என் விரல்களுக்குக் கீழே, அந்தச் சின்ன வட்டத்திலிருந்து கிளம்பியது. வேகம் ஏற ஏறக் கரகரப்பு உயர்ந்தது. காதால் கேட்டதோடு உள்ளங்கையாலும் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா ஒரு நிமிடம் கவனித்துவிட்டுச் சொன்னார்: "இது ஆட்டோ."

தீர்ப்பு மிகச் சரியானது. அன்றைய பெங்களூர் ஆட்டோவில் ஒற்றைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று என்றால் வினாடிக்கு ஐம்பது வெடிப்பு. உண்மையான பந்தயக் காரில் பல சிலிண்டர்கள் முறைவைத்து வெடிப்பதால் அந்த எண்ணிக்கை பல நூறாகிவிடும், ஒவ்வொன்றும் மற்றொன்றுக்குள் கரைந்து பாட்டாகிவிடும். ஸ்பெக்ட்ரத்தில் கரைய எதுவும் இல்லை. தட்டு, விடு, தட்டு, விடு. ஃபெரெட்டி டர்போ மொனாக்கோ வீதிகளில் அல்சூர் ஆட்டோவாகத்தான் ஓடியது.

அந்தக் கோடையில் சென்னையிலிருந்து மாமா வந்திருந்தார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், மோட்டார் பந்தயப் பைத்தியம். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பந்தயம் என்றால் சோழவரம்: இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம், அதில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வளைவுகள். மாமா இளவட்டமாக இருந்தபோது நண்பர்களோடு சைக்கிளில் போய் வெயிலில் நின்று பார்த்தவர். என் விளையாட்டைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டர்போவாம். மீட்டர் எங்கே?"

பிறகு கொஞ்சம் தீவிரமானார். "கார் வரும்போது ஒரு சுருதி, நம்மைத் தாண்டியதும் இறங்கிய சுருதி. அந்த இறக்கத்தில்தான் வயிறு கலங்கும். இதில் அது இல்லையே, அத்தான்?"

அப்பா சால்டரிங் அயர்னிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது வேலிக்கு வெளியே நிற்பவனுக்குத்தான் கேட்கும். ஓட்டுகிறவனுக்கு ஒரே சுருதிதான்."

மாமா அன்று முழுவதும் பேசவில்லை. நான் மட்டும் பெரும் பட்டம் பெற்றதுபோல் இருந்தேன். வேலிக்கு வெளியே நின்ற பரம்பரையில் ஓட்டுகிறவனாக முதலில் உட்கார்ந்தவன் நான்.

அந்த ஒலி ஏன் அப்படிக் கரகரத்தது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் ஓட்டிய 48கே (48 கிலோபைட் நினைவகம்) ஸ்பெக்ட்ரத்தில் ஒலிச் சில்லு என்று தனியாக எதுவும் இல்லை. இசட்80 என்ற மையச் செயலி, 254 என்ற எண்ணுள்ள ஒரு வாசலுக்கு ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்ணின் எட்டு பிட்டுகளில் (பிட் என்பது ஒன்று அல்லது பூஜ்ஜியம்) முதல் மூன்று திரை ஓரத்தின் நிறம், நான்காவது கேசட்டுக்குப் பதியும் கோடு, ஐந்தாவது ஸ்பீக்கர். ஒரே ஒரு பிட். ஒன்று என்றால் ஸ்பீக்கரின் தாள் முன்னால், பூஜ்ஜியம் என்றால் பின்னால். சத்தம் பெரிது, சிறிது என்ற பேச்சே கிடையாது. வினாடிக்கு இருநூறு அதிர்வு வேண்டுமென்றால் செயலி நானூறு முறை தானே எழுந்துபோய் அந்தத் தாளைத் தட்ட வேண்டும். வினாடிக்கு முப்பத்தைந்து லட்சம் துடிப்பு அதற்கு. அப்படியானால் ஒவ்வொரு தட்டுக்கும் இடையே 8,750 துடிப்பு. அந்த இடைவெளிக்குள் சாலையை வரைய வேண்டும், விசை அழுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும், நேரம் கணக்கிட வேண்டும். வரையும் வேலை சற்று நீண்டால் அடுத்த தட்டு தாமதமாகும். தாமதம்தான் கரகரப்பு.

யோசித்துப் பார்த்தால், நான் கேட்டது எந்தக் காரின் ஒலியும் அல்ல. மேசைமேல் இருந்த அந்தக் கருவி மூச்சு வாங்கும் ஒலி. வளைவு கடினமாக இருந்தால் அதற்கு வரையும் வேலை அதிகம், குரலும் தடுமாறும். உழைப்பது எதுவோ ஒலிப்பதும் அதுவே. இன்ஜின் என்பதற்கு இதைவிட நேர்மையான பொருள் வேறு உண்டா?

மூன்று வாரத்தில் விளையாட்டு மட்டுமே நடந்தது என்று சொல்ல முடியாது. பேசிக் என்ற நிரல் மொழியில் 'பீப்' என்று ஒரு கட்டளை உண்டு. பீப் 1,0 என்றால் ஒரு வினாடிக்கு நடு 'சி' சுரம். 0, 2, 4, 5, 7, 9, 11, 12 என்று அடுக்கினால் சங்கராபரணத்தின் ஆரோகணம் வந்துவிடும். அப்பா மேசை விளிம்பில் தாளம் போட்டார். பின்ன எண்களும் செல்லும் என்று கண்டுபிடித்ததும், 4-க்கும் 5-க்கும் இடையே 4.2, 4.4 என்று நெருக்கமாகக் கொடுத்துக் கமகம் செய்ய முயன்றேன். கொசுவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல் இருந்தது. அப்பா தாளத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பீப் ஒலிக்கும்போது மற்ற எல்லா வேலையும் நின்றுவிடும் என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். பாடிக்கொண்டே வேலை செய்ய அதற்குத் தெரியாது.

இருபத்தோராம் நாள் குடகு குடும்பம் திரும்பியது. அதற்கு முந்தின இரவு அப்பா இரண்டு டேப் ரெக்கார்டர்களைச் சேர்த்து அந்தக் கேசட்டைப் பிரதி எடுத்துவிட்டார். வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாதபோது இது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏ பக்கத்தில் முருகன் பாடல்கள், பி பக்கத்தில் மொனாக்கோ. ஒரு கிருத்திகை நாள் காலையில் அம்மா பக்கம் மாற்றிப் போட்டுவிட, விளக்கேற்றிய கையோடு அந்த ஊளையைக் கேட்டுப் பதறி, டேப் ரெக்கார்டர் செத்துவிட்டது என்று அழுதுவிட்டாள்.

அடுத்த கார் எனக்கு 1992-இல்தான் கிடைத்தது, கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில். அக்கோலேட் வெளியிட்ட 'கிராண்ட் பிரீ சர்க்யூட்', 1988. ஃபெராரி, வில்லியம்ஸ், மெக்லாரன், இந்த முறை உண்மைப் பெயர்கள். ஆசிரியர் சாப்பிடப் போகும் அரைமணியில் ஓட்டுவோம். ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரும் ஏழைதான், ஆனால் அதற்கு ஒரு வேலைக்காரன் உண்டு: 8253 என்ற கடிகாரச் சில்லு. வினாடிக்கு 11,93,182 துடிப்பு அதற்கு. அதை எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்று செயலி ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்தச் சுரத்தை அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். செயலி தன் வேலையைப் பார்க்கலாம்.

அதன் விளைவை ஒரு மதியம் கண்டோம். வளைவு ஒன்றில் நான்காம் கியரில் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்தது. சாலை நகரவில்லை, விசை எதுவும் எடுபடவில்லை. ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அதே சுருதியில், மூச்சு விடாமல். கடைசியாகச் சொன்ன எண்ணைக் கடிகாரச் சில்லு விசுவாசமாக வகுத்துக்கொண்டிருந்தது, எஜமான் இறந்தது தெரியாமல். ஆசிரியரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. நண்பன் பாய்ந்து சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்தான். பக்கத்தில் ஒரு பெண் கோபால் (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழியில் மணிக்கணக்காகத் தட்டிய நிரலும் சேர்ந்து அணைந்தது. அவள் எங்களிடம் படிப்பு முடியும்வரை பேசவில்லை.

ஒலிச் சில்லு என்று மரியாதையோடு சொல்லத்தக்கவற்றை எல்லாம் நான் தாமதமாகத்தான் கேட்டேன், பெரும்பாலும் பிறர் வீட்டில், அல்லது இணையம் வந்த பிறகு. கமடோர் 64 கம்ப்யூட்டரின் சிட் என்ற ஒலிச் சில்லைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பாப் யானிஸ் வடிவமைத்தது, மூன்று குரல், நடுவில் ஒரு வடிகட்டி. அவர் பிறகு என்சோனிக் என்ற சின்தசைசர் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் என்பதிலேயே அந்தச் சில்லின் குணம் விளங்கிவிடும். அழகுதான். எனக்கு ஒட்டவில்லை.

பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் வேறு கதை. 1984-இல் நம் நாட்டில் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த கருவி அது. என் பள்ளிக்கு வரவில்லை. அதற்காக ஜெஃப் கிராம்மண்ட் எழுதிய 'ரெவ்ஸ்' என்ற ஃபார்முலா 3 விளையாட்டு இருக்கிறது. நினைவகம் போதாமல், நிரலின் ஒரு பகுதியைத் திரைக்கான நினைவகத்திலேயே, வானம் தெரியும் இடத்தில், வைத்தார் அவர். அந்த இடத்தில் எல்லா நிறங்களையும் நீலமாக்கிவிட்டதால் ஓட்டுபவர் கண்ணுக்கு அது வெறும் வானம். குழம்பைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் மூடியிலேயே அப்பளம் சுடுகிற சிக்கனம் இது.

பின்னால் வந்த 128கே ஸ்பெக்ட்ரத்தில் ஏஒய் என்ற ஒலிச் சில்லு வந்தது, மூன்று சுரம், ஓர் இரைச்சல். செயலி சொன்னதும் அதுவே பாடும். ஒலியும் டிவிக்குப் போய்விட்டது, கைக்கு அடியில் இருந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டார்கள். அதை முன்னேற்றம் என்று என்னால் முழுமனதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. சேகாவின் 'அவுட் ரன்' ஸ்பெக்ட்ரத்துக்கு 1987-இல் வந்தபோது, காசு போட்டு ஆடும் ஆர்கேட் கருவியில் யமஹாவின் எஃப்எம் ஒலிச் சில்லு பாடிய இசையைத் தனி கேசட்டில் பதிந்து பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார்கள். விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டு, பாட்டை டேப் ரெக்கார்டரில் போட்டுக்கொள் என்பது ஏற்பாடு. ஊரில் பாதிக் கார்கள் அப்படித்தான் ஓடின என்பதால் எனக்கு அது இயல்பாகவே படுகிறது.

அமிகா என்ற கம்ப்யூட்டரின் பவுலா சில்லு நான்கு தடங்களில் பதிவு செய்த ஒலியையே ஒலிக்கும். இன்ஜின் ஒலியை ஒரு துணுக்காகப் பதிந்து, சுழலவிட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் கார் வந்துவிடும். 1990-இன் 'லோட்டஸ் எஸ்ப்ரிட் டர்போ சேலஞ்ச்' அந்தக் கருவிக்கும் வந்தது, பாரி லீச்சின் இசையோடு. கேட்க மிக இனிமை. அவரே கால் நூற்றாண்டு கழித்து, 2015-இல் வந்த 'ஹொரைசன் சேஸ்' விளையாட்டுக்கும் இசையமைத்தார். என்னைப்போல் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் பதிவு செய்த ஒலி நுழைந்ததுமே கார் வேறெங்கோ ஓடிய கார் ஆகிவிடுகிறது. மாமா நின்ற வேலியின் வெளிப்புறம் என்னையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றும். இது தர்க்கமில்லை, சண்டை போட வேண்டாம்.

சென்ற ஆண்டு பழைய வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிக் கடையில் பழைய டெக் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, கே.ஆர். புரம் வீட்டில் மடிக்கணினியோடு இணைத்து, பி பக்கத்தைப் பதிந்து, பழைய ஸ்பெக்ட்ரம்போல் நடிக்கும் எமுலேட்டர் என்ற நிரலுக்குக் கொடுத்தேன். இணையத்தில் அந்த விளையாட்டு சில நொடியில் கிடைக்கும். எனக்கு வேண்டியது அது அல்ல. திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் ஓடின, பிறகு நீலமும் மஞ்சளும். பிறகு அந்த வரி. ஆர் டேப் லோடிங் எரர்.

மூன்றாம் முறை ஊளையிட்டபோது உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. எண்பத்தொரு வயது, இரண்டு கண்ணிலும் புரை, காது மட்டும் கடையைத் திறந்தே வைத்திருக்கிறது.

"ஹெட் சாய்ந்திருக்கிறது."

கைப்பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். திருப்புளியை அவர் கையில் கொடுத்தேன், என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். துளையைத் தேடி விட்டேன். "திருப்பு. இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து, ஒரு நூல் பின்னால்." பொரியல் கூர்மையானது. தலையை ஆட்டினார்.

ஐந்து நிமிடம் இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். பட்டைகளின் நிறத்தைச் சொன்னேன். "அப்படியா, நிறமெல்லாம் இருந்ததா" என்றார். கார்களின் பட்டியல் வந்தது. வயதுக்கு மரியாதை கொடுத்துப் பிகாசஸை எடுத்தேன். மொனாக்கோ. மடிக்கணினியின் ஸ்பீக்கர்கள் கரகரத்தன.

அப்பா காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அதே ஆட்டோதான்" என்றார். "மீட்டர் போட்டானா?"